பாசத்துக்குக் கழித்தது

தை மாதக் கார் காட்சிக்குப் பூபதியும் பெயர் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்றைக்குக் குமரகுருவுக்குச் சோறு இறங்கவில்லை. பிசைந்ததைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்துவிட்டு, அரிசி சரியில்லை என்று மனைவி திலகாவிடம் எரிந்து விழுந்தார்.

"நேத்தும் இதே அரிசிதானுங்க" என்றாள் திலகா. "நேத்துப் பூபதி அண்ணன் பேரு கொடுக்கல. அதனால இறங்குச்சு."

முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் எதைத்தான் மறைக்க முடியும்? கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

புகைச் சட்டம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பெட்ரோலில் ஓடுகிற எந்த வண்டியும் சாலையில் உருளக் கூடாது. வைத்திருக்கலாம், துடைக்கலாம், கொட்டகைக்குள் நிறுத்திவைத்து அழகு பார்க்கலாம். வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் சட்டம் போட்டவர்களுக்கும் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது. மண்டலத்துக்கு ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, ஒரு வருடத்துக்கு எந்தச் சாலையில் வேண்டுமானாலும் ஓடலாம் என்று விலக்கு வைத்தார்கள். அந்த ஒன்று எது என்பதைக் கோயமுத்தூரில் தை மாதம் நடக்கும் பழைய கார் காட்சி முடிவு செய்யும். ஜெயித்த வண்டிக்குக் கோப்பையோடு சாலை அனுமதியும் கிடைக்கும்.

மூன்று வருடமாக அந்த ஒன்று குமரகுருவின் பச்சை ஹெரால்டுதான். அதன் முன்பக்கம் மொத்தமும் தூக்கித் திறக்கிற அழகென்ன, பொள்ளாச்சி சாலையில் அது போகும்போது தானாக ஓடுகிற மின்சார வண்டிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட அழகென்ன! ஆனால் காட்சி நடத்துகிற பழைய கார் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்தவர் அடுத்த வருடம் போட்டியிலிருந்து விலகி நடுவராக உட்கார வேண்டும். குமரகுரு அதற்குத் தயாராகத்தான் இருந்தார். திருப்பூர்க்காரரோ உடுமலைக்காரரோ முகம் தெரியாத எவரோ ஒரு வருடம் ஓட்டிவிட்டுப் போகட்டும், மறுவருடம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார். இப்போது பார்த்தால் பூபதி வருகிறான்.

பூபதி பாலிடெக்னிக்கில் அவருக்குப் பக்கத்து பெஞ்சு. படித்து முடித்து, குமரகுரு லேத் பட்டறை வைத்தார். பூபதி பம்புசெட் கடை வைத்தான். குமரகுரு மாடாக உழைத்து ஒரு நிலைக்கு வந்தார். பூபதி சிரித்துப் பேசிக்கொண்டே அதே நிலைக்கு வந்து சேர்ந்தான். இதுதான் ஆறவில்லை. தன்னைவிட உயரத்தில் இருப்பவனைப் பார்த்து ஒருவன் பொருமினால் அதில் ஏதோ ஒரு நியாயமாவது இருக்கிறது. சரிசமமாக, தோளில் கைபோடுகிற தூரத்தில் நிற்பவனைப் பார்த்து எரிவதற்கு என்ன பெயர் வைப்பது? குமரகுருவுக்குத் தெரியாது. எரிந்தது, அவ்வளவுதான்.

பூபதியிடம் ஒரு பழைய பியட் இருந்தது. முன்கதவு பின்பக்கமாகத் திறக்கிற மிகப் பழைய வகை. வருடா வருடம் அதைக் காட்சிக்குக் கொண்டுவருவான். போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டான். குமரகுரு தன் ஹெரால்டைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருப்பார். பூபதி நான்கு கதவையும் திறந்து போட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விடுவான். பிள்ளைகள் உள்ளே ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருக்கும். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கும்போதும் குமரகுருவின் காது அந்த ஹாரன் சத்தத்தில்தான் இருக்கும்.

போன சித்திரையில் கண் டாக்டர் பூபதியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, மருந்தால் தள்ளிப்போடத்தான் முடியும், இன்னும் ஒன்றரை வருடம் போனால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அதனால்தான் இந்தத் தடவை பெயர் கொடுத்தான். ஊரே உச்சுக் கொட்டியது. "பாவம், கண்ணு இருக்கறப்பவே மலைமேல ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும், அவரே ஜெயிக்கட்டுமுங்க" என்று சங்கத்தில் டீ குடிக்கிற ஒவ்வொருவரும் சொன்னார்கள். கண் போகப்போகிறவனைப் பார்த்துக்கூட ஒருவன் பொறாமைப்பட முடியுமா? குமரகுருவால் முடிந்தது. இரண்டு வருடம் முதுகுத்தண்டு வலியோடு இவர் நடமாடினாரே, எவனாவது ஒரு 'உச்' கொட்டினானா?

ஆனால் இரக்கப்பட்டு யாரும் பூபதிக்குத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. துலா விடாது.

அந்த ஒற்றை அனுமதிக்காக ஒரு காலத்தில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. மச்சான் மச்சானுக்கு மார்க்கை அள்ளி வீசினான். பங்காளி பங்காளிக்குக் குழி பறித்தான். கைகலப்பு, கோர்ட்டு, கேசு. அதற்குப் பிறகு கொண்டுவந்ததுதான் துலா. நடுவர் மணிக்கட்டில் ஒரு மெல்லிய பட்டை. வண்டியையும் வண்டிக்காரரையும் பார்க்கும்போது நடுவரின் நாடி, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் அது படிக்கும். அவர் போட்ட மார்க்கில் பாசமோ இரக்கமோ கலந்திருந்தால் அந்த அளவுக்குக் கழித்துவிடும். பொறாமையோ பகையோ கலந்திருந்தால் அந்த அளவுக்குக் கூட்டிவிடும். மிஞ்சுவது வண்டிக்கு மட்டும் உரிய மார்க்.

முதல் வருடம் கூட்டியதையும் கழித்ததையும் எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பலகையில் போட்டார்கள். ஒரு நடுவர் தன் கூடப்பிறந்த தம்பிக்குப் போட்ட மார்க்குக்குப் பக்கத்தில் 'பொறாமை' என்று எழுதி ஒரு பெரிய எண் மின்னியது. ஊர் மொத்தமும் பார்த்தது. அந்த அண்ணன் தம்பிக்குள் இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதிலிருந்து பலகையில் மொத்த மார்க் மட்டும்தான் வரும். போட்டியாளர் வந்து கேட்டால் மட்டும் அவருடைய கணக்கை அவருக்கு வாயால் சொல்வார்கள்.

துலா வந்ததில் ஊர்ப் பழக்கமே தலைகீழாகிப் போனது. இன்னார்தான் நடுவர் என்று அறிவித்துவிட்டால் போதும், போட்டியாளர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். அவருக்குப் பாசம் வந்துவிட்டால் மார்க் போய்விடுமே! போன மாதம் பத்திரிகை வைத்து விருந்துக்குக் கூப்பிட்டவர், இந்த மாதம் குமரகுருவின் வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டுப் போனார். பல்லடத்துக்காரர் ஒருவர் தினமும் பட்டறைப் பெயர்ப்பலகைக்கு எதிரே நின்று காறித் துப்பிவிட்டுப் போவார். வேறு எந்த விரோதமும் கிடையாது, அவரிடம் போட்டிக்கு ஒரு மாரிஸ் மைனர் கார் இருந்தது, அவ்வளவுதான்.

குமரகுரு உட்கார்ந்து யோசித்தார். தன் வயிற்றில் எரிகிற நெருப்பை அந்தப் பட்டை மோப்பம் பிடிக்காமல் விடாது. எவ்வளவு எரிகிறாரோ அவ்வளவு மார்க் பூபதிக்குக் கூடும். தன் பொறாமையாலேயே அவனை மலை ஏற்றிவிட வேண்டியதுதான்! நினைக்கவே பதறியது. இதற்கு ஒரே வழி, எப்பாடுபட்டாவது பூபதிமேல் பாசம் வைத்துவிடுவது. பாசம் வந்துவிட்டால் துலாவே அவன் மார்க்கைக் கழித்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கீங்க?" என்றாள் திலகா.

"பூபதி வீட்டுக்கு. சும்மாதான். பாத்து நாளாச்சு."

"நேத்து மத்தியானந்தான பாத்தீங்க?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

பூபதியின் வீடு பீளமேட்டில். வாசலிலேயே அவன் மனைவி சொர்ணம் மறித்துக்கொண்டாள். அவளுக்குக் கண்ணில் கலவரம்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க நடுவரு. உள்ள வந்து போயிட்டு இருந்தா உங்களுக்குப் பாசம் வந்துரும். அப்புறம் இவருக்குத்தான் மார்க்குப் போவுமுங்க."

உள்ளேயிருந்து பூபதியின் குரல் வந்தது. "போனாப் போவுது சொர்ணம்! மார்க்குக்காவ மனுசன வாசல்ல நிறுத்துவியா? வாடா குமரா. உனக்குன்னே கச்சாயம் சுட்டு வெச்சிருக்குது, வா."

அன்று தொடங்கி அநேகமாகத் தினமும் போனார். வைராக்கியமாகப் பாசம் வைக்கப் பார்த்தார். பூபதியின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வார். அங்கேதான் காரியம் கெட்டது. நினைக்க நினைக்க நல்ல குணம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் அவரிடம் இல்லாதது.

ஒருநாள் கொட்டகையில் பூபதி கண்ணை இறுக மூடிக்கொண்டு என்ஜினில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். என்னடா பண்ணுகிறாய் என்று கேட்டார்.

"இருட்டுக்கு இப்பவே பழகிக்கறன்டா. எது எது எங்க இருக்குதுன்னு கைக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் கண்ணு எதுக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தான். "ஓட்டறதுக்குத்தான் வேணும். நெம்ப ஆசையெல்லாம் இல்லடா எனக்கு. ஒரே ஒரு தடவை வால்பாறை ரோட்டுல ஒம்பதாவது வளைவு வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போவோணும். அங்க நிறுத்தி, ஆழியாறு அணைய ஒரு பார்வை பாத்துப்போட்டு இறங்கிரோணும்."

"கரண்டு வண்டியில போனா நாளைக்கே பாத்துட்டு வந்தரலாமே."

"அது என்னையத் தூக்கிட்டுப் போறதுடா. நான் போவோணும்."

கண் போகப்போவது தனக்காக இருந்தால் இப்படிச் சிரிப்போமா என்று குமரகுரு எண்ணிப் பார்த்தார். ஊரையும் டாக்டரையும் திலகாவையும் திட்டித் தீர்த்திருப்போம் என்று நன்றாகத் தெரிந்தது. அதற்கும் எரிந்தது. பாசம் வைக்கப் போன இடத்தில் பொறாமை இரண்டு மடங்காகிவிட்டது. மார்கழி பிறந்தபோது பூபதியின் பெயரை யாராவது சொன்னாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்தது.

காட்சிக்கு ஒரு வாரம் முன்பு நடுவர்களைச் சங்கத்துக்கு வரச்சொன்னார்கள், பட்டையைக் கட்டிப் பழக்குவதற்கு. துலாவைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் மிருணாளினி சின்ன வயதுக்காரி, கலகலவென்று பேசுவாள். குமரகுருவின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டுப் போட்டியாளர்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். பல்லடத்துக்காரர் வந்தார், பட்டை திரையில் வரைகிற கோடு கொஞ்சம் அசைந்தது. இன்னும் யார் யாரோ வந்தார்கள், கோடு தூங்கியது. பூபதியின் முகம் வந்ததுதான் தாமதம், கோடு திரையை விட்டே வெளியே போய்விட்டது.

குமரகுருவின் முகத்தில் ஈயாடவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தார்.

மிருணாளினியோ கண்ணை அகல விரித்தாள். "அடேங்கப்பா! பூபதி சாரும் நீங்களும் அவ்வளவு நெருக்கமா சார்?"

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "அது… பாசம்னா இந்த மெஷினுக்குத் தெரியுமாம்மா?"

"அதெல்லாம் தெரியாது சார்" என்று குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிராதீங்க. எல்லாரும் இது மனசையே படிக்குதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. இது உடம்பைத்தான் படிக்கும். ஒருத்தரைப் பார்த்தா உங்க உடம்பு எவ்வளவு ஆடுது, அவ்வளவுதான் தெரியும். ரொம்பப் பிடிச்சவரைப் பார்த்தாலும் ஆடும், ஆகாதவரைப் பார்த்தாலும் ஆடும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம் கூட்டறதா கழிக்கறதான்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"அது ரொம்பச் சுலபம். மத்த ரெண்டு நடுவர்களும் போட்டதைப் பார்க்கும். அவங்களை விட நீங்க குறைச்சுப் போட்டிருந்தா பொறாமை, கூட்டிரும். அவங்களை விடக் கூடப் போட்டிருந்தா பாசம், கழிச்சிரும். எவ்வளவுங்கறது உடம்பு ஆடின அளவைப் பொறுத்தது. அவங்க போட்டதையே நீங்களும் போட்டிருந்தா துலா தொடவே தொடாது."

குமரகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். "சரிம்மா. பொறாமைப்படறவன் கூடப் போட்டா?"

மிருணாளினி வாய்விட்டுச் சிரித்தாள். "பொறாமைப்படறவர் எதுக்கு சார் கூடப் போடப் போறாரு?"

அவரும் கூடச் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். திலகா எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மோரை ஊற்றினாள்.

காட்சி நாளன்று மைதானத்தில் நல்ல கூட்டம். நடுவர்கள் மூன்று பேரும் தனித்தனியாகத்தான் வண்டி பார்ப்பார்கள், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. நூறில் தொடங்கி, குற்றம் கண்ட இடத்திலெல்லாம் கழித்துக்கொண்டே இறங்க வேண்டும். குமரகுரு ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் பாயைப் போட்டுப் படுத்து, கைவிளக்கையும் சிறிய கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினார். பழைய வண்டியில் புதுப் பளபளப்பு ஏறியிருந்தாலும் குற்றம்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். காசை இறைத்து மினுக்கிக் கொண்டுவந்தவர்களுக்கு அவர் தயவு பார்க்காமல் கழித்தார். யாரும் குறை சொல்ல முடியாத நியாயம் அது. காறித் துப்பிய பல்லடத்துக்காரரின் மாரிஸ் நன்றாக இருந்தது, எண்பத்தாறு போட்டார்.

பூபதியின் பியட் கடைசியில் நின்றது. கதவுகள் வழக்கம்போலத் திறந்தே கிடந்தன. அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் கூடத் தேவைக்கு மேல் கை வைக்கவில்லை. பழசு பழசாகவே இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் செய்த வேலை இது என்று அவருக்குத் தெரியும். இந்தக் கைநயம் தன் லேத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை என்றும் தெரியும்.

வெளியே வந்து எழுந்தபோது பூபதி குனிந்து அவர் காதருகே சொன்னான். "குமரா, கதவுப் பட்டியில நாலு திருகாணி பாத்துக்க. நேர்கோடு வெட்டின பழைய திருகாணி இருக்கோணும், நான் நட்சத்திரத் தலை போட்டிருக்கறன். அந்தக் கோடு எனக்குக் கண்ணுக்குச் சிக்க மாட்டேங்குது, திருப்புளி வழுக்கி வழுக்கிப் பெயிண்டக் கீறிருச்சு. மத்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டன். கழிச்சுக்க."

கேட்காமலே தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுக்கிற போட்டியாளனைக் குமரகுரு அதுவரை பார்த்ததில்லை. நியாயமான மார்க் என்னவென்று அவர் மனதுக்குள் சட்டென்று விழுந்துவிட்டது. திருகாணிக்கு இரண்டு, சின்னச் சின்னதாக இன்னும் ஏழெட்டு, ஆகத் தொண்ணூறு. மற்ற இருவரும் அதை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள். இவரும் தொண்ணூறு போட்டால் துலா தொடாது, பூபதி ஜெயித்துவிடுவான், ஒன்பதாவது வளைவில் போய் நிற்பான்.

கை நடுங்கியது. அதை அவர் அடக்கவில்லை, விட்டார். ஒரு பெண்குழந்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பூபதியை 'தாத்தா, நகருங்க' என்று அதட்ட, அவன் பயந்தவன் போல ஒதுங்கி நின்று சலாம் வைத்தான். அதைப் பார்த்தார். பக்கத்து பெஞ்சுக் காலத்திலிருந்து ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் நினைத்தார். வஞ்சனையில்லாமல் எரிந்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, தொண்ணூற்றொன்பது என்று பதித்தார்.

பிற்பகலில் முடிவு வந்தது. பல்லடத்து மாரிஸ் முதலிடம். பூபதியின் பியட் ஐந்தாவது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது, "என்னங்க இது, அநியாயமா இருக்குது" என்று யாரோ கத்தினார்கள். பல்லடத்துக்காரர் தன்னைத்தானா கூப்பிடுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே மேடை ஏறினார். பூபதி எழுந்து நின்று கைதட்டினான். தட்டிக்கொண்டே இருந்தவன் மற்றவர்கள் நிறுத்தியதைக் கவனிக்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தான். சொர்ணம் அவன் முதுகில் கை வைத்தாள்.

குமரகுருவுக்கு மனசு குளிர்ந்துபோனது. ஆசைப்பட்டது நடந்துவிட்டது. நியாயத்துக்கென்று வந்த இயந்திரமே நடத்திக் கொடுத்துவிட்டது, அவர்மேல் ஒரு துரும்பு படாது. நைசாக நழுவிவிடலாம் என்று திலகாவைத் தேடிக்கொண்டிருந்தவரை மிருணாளினி கூப்பிட்டாள். "சார், ஒரு நிமிஷம், பட்டையைக் கொடுத்துட்டுப் போங்க."

அவர் போய்ச் சேரவும் பூபதி அங்கே வரவும் சரியாக இருந்தது.

"கணக்குக் கேக்கலாமில்லீங்களா?" என்றான் பூபதி. "சண்டை போட வரலீங்க அம்மிணி. எந்த இடத்துல கோட்டை விட்டனுன்னு தெரிஞ்சா மனசு ஆறும்."

மிருணாளினி தயங்கினாள். பிறகு சொன்னாள். "உங்க வண்டியில ஒண்ணும் குறையில்லீங்க சார். ஒரு நடுவர் எண்பத்தொம்பது, ஒருத்தர் தொண்ணூறு. குமரகுரு சார் உங்களுக்குத் தொண்ணூத்தொம்பது போட்டிருக்காரு. துலா அதுல இருபத்தேழைக் கழிச்சிருச்சு."

"எதுக்கு?"

"பாசத்துக்கு."

குமரகுருவின் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டே மிருணாளினி சொன்னாள். "நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததில்லைங்க. பெத்த அப்பா மகனுக்கு நடுவரா உட்கார்ந்தப்பக்கூட பதினொண்ணுதான். விதிப்படி பார்த்தா இதுதான் நியாயம். ஆனா எனக்கே மனசு கேக்கல சார்."

பூபதி குமரகுருவின் பக்கம் திரும்பினான். அவனுக்கு ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டிருந்தது; முழு முகத்தையும் திருப்பித்தான் யாரையும் பார்ப்பான். அப்படிப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையாலும் இழுத்துக் கட்டிக்கொண்டான்.

"திருகாணியக்கூடப் பாக்காம விட்டுட்டியாடா" என்றான் அவர் தோளில். "இத்தன மாசமா தினமும் வந்தியே. சொர்ணம் சொல்லிட்டே இருந்தா, இவரு வாரது நல்லதுக்கில்ல, நல்லதுக்கில்லன்னு. நாந்தான் அவள வாயடைச்சன். உள்ளுக்குள்ள எனக்கும் இருந்துச்சுடா ஒரு சந்தேகம். சின்ன வயசிலருந்தே உனக்கு என்னையக் கண்டா ஆகாதோன்னு ஒரு நினைப்பு. எத்தனையோ நாள் அத நினைச்சு நான் தூங்கல, தெரியுமா?"

"பூபதி, அது வந்து…" என்று ஆரம்பித்தார் குமரகுரு. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசாத. நீ என்ன சொல்லுவன்னு தெரியும், என்னாலதான உனக்கு வளைவு போச்சுன்னு சொல்லுவ. போனாப் போவுதுடா! வளைவு அங்கயேதான் இருக்கும்." பூபதி சட்டைப்பையிலிருந்து பியட்டின் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "அடுத்த வருசம் நீ போட்டிக்கு வரலாமில்ல? ஹெரால்டு வேண்டாம், இத இறக்கு. அந்த நாலு திருகாணிய நீ மாத்திட்டீன்னா இத அடிக்க ஆளில்ல. அந்நேரத்துக்கு எனக்குக் கண்ணு சுத்தமா போயிருக்கும். பக்கத்துல உக்காந்துக்கறன். நீ ஓட்டு. ஒம்பதாவது வளைவுல நிறுத்தி, அணை எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லு. நீ சொன்னா நான் பாத்த மாதிரிதான்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மிருணாளினி யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, இருபத்தேழு என்ற எண் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் வந்து குமரகுருவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாசலை மறித்து வண்டி நிறுத்தியவர் மன்னிப்புக் கேட்டார். சங்கத் தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து ஒரு சால்வையைப் போர்த்தினார். கொஞ்ச தூரத்தில் திலகா நின்றிருந்தாள். அவர் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேருந்து நிற்கிற பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

பூபதி அவர் தோளில் கைபோட்டபடியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்றான். தனக்காக மானத்தையே பணயம் வைத்தான் என்றான். கோப்பை கிடைத்திருந்தால்கூட இவ்வளவு நிறைவாக இருந்திருக்காது என்றான். அவன் சொல்லச் சொல்ல வேறொரு குமரகுரு அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எழுந்து நின்றான். நல்லவன். நண்பனுக்காக நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போட்டவன். கண் தெரியாதவனைப் பக்கத்தில் உட்கார வைத்து மலையேறப் போகிறவன்.

கையில் சாவியோடும் கழுத்தில் சால்வையோடும் நின்றுகொண்டு அந்த நல்லவனைப் பார்க்கப் பார்க்கக் குமரகுருவுக்கு வயிறு எரிந்தது.